அரிசிக் காளானைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்

தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கத்து மலைகளில் தேயிலைத் தூரடியிலும் கான் ஓரங்களிலும் காளான் முளைக்கத் தொடங்கிவிடும். கூடவே, காட்டுக் காளானை யாரும் உண்ண வேண்டாம் என்ற எச்சரிக்கையும் எங்கிருந்தாவது வரும். சொல்பவர்களின் அக்கறையில் குறையில்லை. ஆனால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு தோட்டத்துச் சமையலறையில் எதையும் மாற்ற முடியாது. பாட்டி காலத்திலிருந்து பறித்துச் சமைத்து, ஒரு கோளாறும் இல்லாமல் வாழ்ந்த குடும்பத்திடம் போய் எல்லாக் காளானும் ஆபத்து என்றால், சொல்கிறவருக்குக் காளானைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் அந்தக் குடும்பம் முடிவு கட்டும். பிறகு உண்மையிலேயே கொல்லக்கூடிய காளானைப் பற்றி அவரே வந்து எச்சரித்தாலும் காதில் ஏறாது. மலையகத்துக்குத் தேவை, எதை உண்ணலாம் என்று ஒன்றைத் திட்டமாகக் காட்டிக்கொடுத்து, அந்த ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் விடச்சொல்லும் பயிற்சி. அதைத் தமிழில், தோட்டத்துக்குள்ளேயே, பொறுப்பான நிறுவனங்கள் செய்ய வேண்டும்.

எந்தக் காளானிலிருந்து தொடங்குவது என்றால், அரிசிக் காளான் என்பேன். புற்றுக் காளான் வகையிலேயே மிகச் சிறியது இது. அதன் அறிவியல் பெயர் டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்பஸ். இதே பேரினத்தில், ஆபிரிக்காவின் சாம்பியாவில், ஒரு மீற்றர் அகலம் வரை குடை விரிக்கும் காளானும் இருக்கிறது. நம்முடையதன் குடையோ பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரை சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். ஒன்று இரண்டாக முளைக்காமல் நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் எழும்புவதால்தான் இவ்வளவு சின்னக் காளான் ஒரு சட்டிக் கறிக்குப் போதுமானதாகிறது.

இது முளைக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் அடையாளம் காண்பதில் பாதி வேலை முடிந்துவிடும். கறையான் சருகையும் சுள்ளியையும் தின்று, அந்தக் கழிவைக் கொண்டு நிலத்தடியில் துளை நிறைந்த கூடுகளைக் கட்டுகிறது. அந்தக் கூட்டில் ஒரு பூசணத்தை வளர்த்து, அதையே தன் கூட்டத்துக்கு உணவாக்குகிறது. பெரிய புற்றுக் காளான்கள் புற்றின் ஆழத்திலுள்ள கூட்டிலிருந்து நீண்ட வேர் போன்ற ஒரு தண்டை நீட்டி மேலே வரும். அரிசிக் காளானுக்கு அந்த வேர் கிடையாது. பழைய கூட்டின் துணுக்குகளைக் கறையான்களே வெளியே சுமந்து வந்து புற்றைச் சுற்றி நிலத்தில் பரப்ப, மழை பட்டதும் அந்தத் துணுக்குகளிலிருந்து காளான் எழுகிறது. ஆகவே முதல் சோதனை, அடிமண்ணை விரலால் மெதுவாக விலக்கிப் பார்ப்பது. பழுப்பு நிறத்தில் உதிரி உதிரியாகக் கூட்டின் துணுக்குகள் தெரிய வேண்டும். அவை இல்லாமல் உளுத்த கட்டையிலோ சாணத்திலோ மரத்தின் வேரருகிலோ முளைத்திருந்தால், எவ்வளவு வெள்ளையாக எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அரிசிக் காளான் இல்லை. குளிர் கூடக்கூடக் கறையான் குறையும் என்பதால், நுவரெலியா நகரத்தைப் போல 6,000 அடிக்கு மேலுள்ள இடங்களில் சின்ன வெள்ளைக் காளான் கூட்டமாகத் தெரிந்தால் ஆசைக்கு முன்பாகச் சந்தேகம் வர வேண்டும்.

இடம் சரியாக இருந்தால் அடுத்து உருவத்தைப் பார்க்க வேண்டும். குடையின் நடுவில் சின்னதாக ஒரு கூர்முனை; அந்த இடம் மட்டும் சாம்பலாகவோ மங்கிய பழுப்பாகவோ இருக்கும், ஓரம் வெள்ளையாக இருக்கும். முழுதாக விரிந்த குடை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கிழியும். குடையின் அடிப்பக்கத்து இதழ்கள் நெருக்கமாக, தண்டோடு ஒட்டாமல் நிற்கும். முதலில் வெள்ளையாக இருந்து, முதிரும்போது இளஞ்சிவப்பு ஏறும். தண்டு மெல்லியது, கிழித்தால் நாராகப் பிரியும். தண்டில் வளையம் இருக்கக் கூடாது. அடியில் பை போன்ற உறை இருக்கவே கூடாது. கடைசிச் சோதனைக்கு ஒரு வெள்ளைத் தாளும் ஒரு கோப்பையும் போதும். முதிர்ந்த குடைகள் சிலவற்றைத் தண்டை நீக்கித் தாளில் கவிழ்த்து, மேலே கோப்பையை மூடி இரவு முழுக்க விட்டால், காலையில் வித்துத்தூள் தாளில் படிந்திருக்கும். அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையோ பச்சையோ பழுப்போ கறுப்போ படிந்தால் அந்தப் பறிப்பு முழுவதையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

இவற்றில் எந்த ஓர் அடையாளமும் தனியே போதாது. இளஞ்சிவப்புத் தூள் எண்டொலோமா என்ற வகைக்கும் உண்டு. அதில் நஞ்சுள்ளவை இருக்கின்றன. வளையம் இல்லாமை இனொசைபி வகைக்கும் பொருந்தும். அதைத் தின்றவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வியர்வையும் உமிழ்நீரும் கண்ணீரும் கொட்டத் தொடங்கும், ஆனால் அதன் தூள் பழுப்பு. லெபியோட்டா வகையில் ஈரலையே அழிக்கும் நஞ்சு கொண்ட சின்னக் காளான்கள் உள்ளன. அவற்றின் தூள் வெள்ளை, குடையில் செதில், இளசாக இருக்கும்போது தண்டில் வளையம். புல்தரையில் பெரிதாகக் குடை விரிக்கும் பச்சைத் தூள் காளான் பல நாடுகளில் பலரை வாந்தியெடுக்க வைப்பது. எல்லா அடையாளங்களும் ஒன்றுகூடினால்தான் அது அரிசிக் காளான். ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுவதே இந்தக் கல்வியின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

இந்தச் சின்னக் காளானை அறிவியலுக்குக் கொடுத்ததே இந்தத் தீவு என்பதை மலையகத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்த ஜோர்ஜ் த்வெயிட்ஸ் இங்கே சேகரித்து அனுப்பிய பூசணங்களை இங்கிலாந்தில் பார்க்லி, புரூம் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். 1871இல் அரிசிக் காளானுக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டியவர்கள் அவர்கள்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1869இல், இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்து, மலைகளைத் தேயிலைக்குத் திருப்பிவிட்ட துரு நோயின் பூசணத்தை விவரித்தவர்களும் இதே இருவர். 1906இல் பேராதனையிலிருந்து தோமஸ் பெட்ச் கறையான் புற்றுகளில் வளரும் பூசணங்களைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். 1923இல் தேயிலைச் செடியின் நோய்களைப் பற்றி நூல் எழுதியவரும், 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முதல் பணிப்பாளராக அமர்ந்தவரும் அவரே. இவர்களுக்கெல்லாம் முன்பே, 1779இல், தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த யொஹான் கோனிக் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கறையான்களைப் பற்றி எழுதியபோது, புற்றுக்குள்ளிருக்கும் பூசணத் தோட்டத்தை விவரித்திருக்கிறார். கோப்பிக்கும் தேயிலைக்கும் ஆள் கட்டிக் கொண்டுவரப்பட்ட மக்களில் ஒரு பகுதியினர் அந்தத் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து வந்தவர்கள்.

அதாவது, பூசண இயலில் மலைநாட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. செடிக்குக் கேடு செய்யும் பூசணம் ஒவ்வொன்றையும் இந்த மலைகள் நுணுக்கமாக அறிந்து வைத்திருக்கின்றன. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது ஆராய்ச்சி, மருந்து, தெளிக்கும் முறை, கால அட்டவணை எல்லாம் வரிசையாக வந்து தோட்டத்தின் கடைசி மலை வரை போய்ச் சேர்ந்தன. கொழுந்துக்கு நோய் வந்தால் இலாபம் போகும் என்பதால் அந்த அறிவுக்கு வழி கிடைத்தது. அந்தக் கொழுந்தைப் பறிப்பவர் வீட்டுச் சட்டியில் வேகும் பூசணத்தைப் பற்றிய அறிவு அதே பேராதனையிலும் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்திலும் இருந்தும், லயத்துக்கு வரவில்லை. இதை நான் அநீதி என்றே சொல்வேன். அறிவைப் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இருப்பதைத் தமிழில் கொண்டுவந்து சேர்த்தாலே பாதிக் கடன் தீரும்.

வேண்டாத விஷயத்தைக் கிளறுகிறேன் என்று நினைப்பவர்கள் அசாமைப் பார்க்கட்டும். 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக் காளான் தின்று திப்ருகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்து மக்கள். 2008இலும் அந்தப் பகுதியில் இப்படிச் சாவுகள் நேர்ந்தன. தேயிலையும் மழையும் ஒதுக்குப்புறக் குடியிருப்பும் தூரத்து மருத்துவமனையும் இங்கேயும் உள்ளவைதான். உயிரைக் கொல்லும் காளான்களில் இருக்கும் அமடொக்சின் என்ற நஞ்சு வெந்தாலும் போகாது, காய்ந்தாலும் போகாது. தின்று ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை, சில வேளை அதற்கு மேலும், ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தியும் பேதியும் வரும். அது ஓய்ந்து, ஆள் தேறிவிட்டதாக ஒரு நாள் தோன்றும். அந்த நாளில்தான் ஈரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். வீடு திரும்பலாம் என்று நோயாளி நினைக்கும் நேரமும், மருத்துவம் மிக அவசரமாகத் தேவைப்படும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுவது இந்த நஞ்சின் கொடுமை. வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து நஞ்சை அறியலாம் என்ற நம்பிக்கைகளுக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. மனிதனைக் கொல்லும் காளானைப் புழுவும் நத்தையும் நன்றாகவே தின்னும்.

தோட்டத்து மக்களின் பரம்பரை அறிவே போதும், வெளியிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டாம் என்று ஒரு மறுப்பு எழும். இதில் நியாயம் இருக்கிறது. புற்றுக் காளானைப் பொறுத்தவரை, ஒரு வயதான பறிப்புப் பெண்ணின் கண்ணுக்கு ஈடாகப் புத்தகம் எதுவும் நிற்காது. ஆனால் அந்த அறிவு ஒரு நிலத்தோடு பிணைந்தது. நிலம் மாறிவிட்டால் அது தவறிவிடும். தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் குடியேறியவர்கள், ஊரில் சிறுவயது முதல் உண்ட வைக்கோல் காளான் என்று நம்பி மரணக் குடைக் காளானைப் பறித்துத் தின்று செத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் பை உண்டு. ஆனால் வைக்கோல் காளானின் தூள் இளஞ்சிவப்பு, மரணக் குடையின் தூள் வெள்ளை. ஓர் இரவு பொறுத்துத் தாளைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் கொலைகாரக் காளானும் அவுஸ்திரேலியாவின் சொந்தப் பிள்ளை அல்ல. ஐரோப்பிய மரக்கன்றுகளின் வேரோடு கப்பலேறி வந்தது. மலைநாட்டில் நாம் ஏக்கர் கணக்கில் பைனஸ் நட்டிருக்கிறோம், யூக்கலிப்டஸ் நட்டிருக்கிறோம். பைனஸ் தன் வேரோடு கூடி வாழும் பூசணம் இல்லாமல் செழிக்காது. கொல்லும் காளான்களில் பெரும்பகுதி மரவேரோடு கூடி வாழும் குலத்தைச் சேர்ந்தது. பாட்டிக்குத் தெரிந்த மலையில் பைனஸ் காடு இல்லை. அந்தக் காட்டுக்குள் முளைப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லிவைக்கவும் இல்லை. அவருடைய அறிவை மதிப்பது என்றால், அது எதுவரை செல்லும் என்று எல்லையைக் குறித்து வைப்பதும் அதில் சேரும். இளையவர்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்கிற்கும் போய்விட்ட வீடுகளில் அந்த அறிவு கைமாறவும் இல்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஒன்றை உண்ணலாம் என்று சொல்லிக்கொடுத்தால் துணிச்சல் வரும், துணிச்சலில் தவறான காளானையும் பறிப்பார்கள், அதற்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தால் அப்படித்தான் நடக்கும். ஆகவேதான் ஒரு காளானைப் பற்றி மட்டும், அதன் எல்லா அடையாளங்களையும் சேர்த்து, பார்த்துச் சொல்ல ஓர் ஆளையும் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறேன். சுவிற்சர்லாந்தில் ஊர் மன்றங்கள் காளான் பரிசோதகரை வைத்திருக்கின்றன. காட்டில் பறித்த கூடையை அவரிடம் காட்டினால் நல்லதைத் திருப்பித் தந்து கெட்டதை ஒதுக்கிவிடுவார். அந்தப் பரிசோதனை நிலையங்களின் சங்கம் 1925இல் தோன்றியது. நம் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பிறந்த ஆண்டும் அதுவே. பிரான்சில் மருந்தாளர்கள் படிப்பின்போதே காளானை அடையாளம் காணக் கற்கிறார்கள். காளான் பறிக்கும் பழக்கத்தை ஒழிக்க முடியாது என்று ஒப்புக்கொண்ட நாடுகள் அதற்கு ஒரு கண்காணிப்பை அமைத்தன. நாம் தடை சொன்னதோடு கடமை முடிந்தது என்று இருக்கிறோம். பறிப்பு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது, கண்காணிக்க ஒருவரும் இல்லாமல்.

கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளை நம்பலாமே என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், படம் மண்ணை விலக்கிப் பார்க்காது, வித்துத்தூளின் நிறத்தையும் காட்டாது. கடையில் சிப்பிக் காளான் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறதுதான், காசு உள்ளவருக்கு. 2022 செப்தெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94 வீதத்தைத் தாண்டியது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் நாடளாவிய அளவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றால், தோட்டப்புறத்தில் அது ஏறத்தாழ 32 வீதம். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். போசாக்குக் குறைவுக்கு அதை மருந்தாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சோற்றுக்குக் கறி தேடி மலையேறும் கைக்குக் காசில்லாமல் கிடைப்பது அதுதான் என்றால், அந்தக் கை போகத்தான் செய்யும்.

சரியான காளானையே பறித்தாலும் ஓர் ஆபத்து மிச்சமிருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காளான், மண்ணிலுள்ள கன உலோகங்களையும் வேறு பொருள்களையும் உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. தேயிலை மலையில் களைகொல்லி அடிக்கிறார்கள். கிளைபோசேற் 2015இல் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டு, 2022இல் தடையே நீக்கப்பட்டது. களைகொல்லி அடித்த மலையில் அடுத்த மழைக்கு அரிசிக் காளான் எழும்பினால், அதன் அடையாளம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது பிள்ளைக்கு ஊட்டத் தக்கதல்ல. எந்த மலையில் எந்த நாளில் என்ன அடிக்கப்பட்டது என்பது தோட்ட அலுவலகத்துப் புத்தகத்தில் இருக்கும். அதைப் பிரட்டுக் களத்தில் தமிழில் எழுதி ஒட்ட ஒரு தாளும் ஒரு பேனையும் போதும். காளானுக்காக இல்லாவிட்டாலும் அது வேலைக்குப் போகிறவரின் உரிமை.

இதை நடத்திக் காட்டுவது கடினமும் அல்ல. தலவாக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களில் மக்கள் உண்மையில் பறிக்கும் காளான்களைச் சேகரித்து உறுதிப்படுத்தித் தர வேண்டும். அந்தப் படங்களையும் அடையாளங்களையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுத் தோட்ட டிஸ்பென்சரிச் சுவரில் தொங்கவிடும் செலவைக் கம்பனிகளும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் ஏற்கலாம். ஒவ்வொரு டிவிசனிலும் ஏற்கனவே காளான் தெரிந்த ஒரு பெண்ணைத் தேர்ந்து, ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி கொடுத்து, மழை மாதங்களில் அந்த வேலைக்கு நாட்பேர் போட்டுக் கொடுக்க வேண்டும். சும்மா செய்யச் சொல்லக் கூடாது. அவர் கையில் வெள்ளைத் தாளும் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு குறிப்புப் புத்தகமும் இருக்கட்டும். எந்த மலையில் எது பறிக்கப்பட்டது என்று எழுதி வைக்கட்டும்.

தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும் ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் இருப்பவர்களுக்கும் தனியாக ஒரு குறிப்பு வேண்டும். காளான் தின்று வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை மணிக்குத் தின்றார், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்பதைத்தான். இடைவெளி ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால், ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. ஒரே சட்டியில் இரண்டு வகை கலந்திருக்கலாம். அதே சட்டியில் தின்ற மற்றவர்களையும், வாந்தி இல்லாவிட்டாலும், கூட்டி வரச் சொல்ல வேண்டும். மிச்சக் காளானையும் வாந்தியையும் எடுத்து வரச் சொல்ல வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் 1988 முதல் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்தோடு இரவிலும் பேசிவிட வேண்டும். நோயாளி தமிழிலும் வைத்தியர் சிங்களத்திலும் பேசும் வார்டில், இந்த இரண்டு நேரங்களையும் ஒரு துண்டில் எழுதி நோயாளியோடு 1990 இலக்க அம்புலன்சில் ஏற்றிவிடும் பொறுப்பு டிஸ்பென்சரிக்கே உரியது. அந்தத் துண்டை இப்போதே அச்சிட்டு வைக்கலாம், அடுத்த மே மாத மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.